வெள்ளைகேட் தாண்டும்வரை லைனில் இரு

எனக்குப் போனில் நெடுநேரம் பேசப் பிடிக்காது. காது சூடாகிவிடும், அப்புறம் சாயங்காலம்வரை தலை கனத்துக்கொண்டே இருக்கும். டாக்டர் அதை ரத்த அழுத்தம் என்கிறார். நான் போன்தான் காரணம் என்கிறேன்.

மறுபடி உட்காருங்கள் சார். காபி வரச் சொல்கிறேன். நேற்று தேரடியில் நடந்த சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் எங்கள் கடை இளவரசி பேசியதைக் கேட்டுவிட்டு, உங்கள் கல்லூரியிலும் வந்து பேச வேண்டும் என்று கேட்க ஏனாத்தூரிலிருந்து வந்திருக்கிறீர்கள். தாராளமாக அழைத்துப் போங்கள். அவள் பேசினால் பிள்ளைகள் அழுவார்கள். "என் ஊட்டுக்காரரு வண்டி ஓட்டிக்கினு இருந்தப்ப நான்தான் போன் பண்ணேன். நான்தான் அவரைக் கொன்னேன்" என்று அவள் சொல்லும் இடத்தில் கல்லும் கரையும். வருஷா வருஷம் அந்த மேடையைப் போட்டு, மைக் வைத்து, அவளை ஏற்றிவிடுகிறவன் நான்தான். ஹெல்மெட் கொடுப்பதும் எங்கள் கடைதான்.

ஆனால் எழுந்து வாசல்வரை போனவர், செருப்பு மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டீர்கள். "அந்தம்மா முதல்ல கூப்பிட்டப்ப லைன் பிஸின்னு வந்ததா சொன்னாங்களே, அப்ப அவர் யார்கிட்ட பேசிட்டிருந்தார்?"

ஆறு வருஷமாக இந்த ஊரில் ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. போலீஸ் கேட்கவில்லை, இன்சூரன்ஸ்காரன் கேட்கவில்லை. லைன் பிஸியாக இருந்த விஷயத்தை அவள் மேடையில் சொன்னதே நேற்றுத்தான் முதல் தடவை. இருநூறு பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அது உங்கள் ஒருவர் காதில்தான் விழுந்திருக்கிறது. அதற்காகவே உங்களுக்குப் பதில் சொல்லலாம்.

என்னிடம்தான் பேசிக்கொண்டிருந்தான்.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். கடையில் உட்கார்ந்து போன் பேசுவது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று காட்டுங்கள், நான் இப்போதே ஸ்டேஷனுக்கு வருகிறேன். வண்டி ஓட்டியவன் முத்துக்குமார். நான் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஏன், நீங்கள் வரும்போது உங்கள் வீட்டம்மா கூப்பிட்டார்கள். ஸ்கூட்டரை நிறுத்தாமல், ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசியபடிதான் எங்கள் கடை வாசலுக்கு வந்தீர்கள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் நீங்கள் பேராசிரியர். அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். வேலூர், ஆம்பூர், பெங்களூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் தாமல் வழியாக வந்து, வெள்ளைகேட்டில் ஊருக்குள் திரும்புவார்கள். அந்த முனையில் புரோக்கர் பையன்கள் பைக்கில் நிற்பார்கள். வண்டியோடு வண்டியாக ஓட்டிக்கொண்டே கண்ணாடியைத் தட்டுவார்கள். "சார், அந்தக் கடையா? அங்க இன்னிக்கு சாவு சார், லீவு உட்டுட்டாங்க. வாங்க, நான் தறிக்கே இட்டுக்கினு போறேன்" என்பார்கள். சாவு என்றதும் கல்யாண வீட்டுக்காரர்கள் பயந்துபோய் அவன் பின்னாலேயே போய்விடுவார்கள். இப்படி எத்தனையோ தடவை என்னை உயிரோடு கொன்றிருக்கிறார்கள்.

அதற்கு நான் கண்டுபிடித்த வழிதான் போன். எங்கள் கடைக்கு ஆள் கொண்டுவரும் டிரைவர்கள் தாமல் ஏரிக்கரையைத் தொட்டதும் என்னைக் கூப்பிட வேண்டும். வெள்ளைகேட் தாண்டும்வரை லைனை வெட்டக் கூடாது. டிரைவர் காதில் போன் இருக்கிற வண்டியைப் பார்த்தால் புரோக்கர் கிட்டே வரமாட்டான். அது ஏற்கெனவே ஒரு கடைக்குப் போகிற வண்டி என்று அவனுக்குத் தெரியும். முதலில் சிரித்தார்கள். ஒரு வருஷத்தில் காந்தி ரோட்டில் பாதிக் கடை இதையே செய்ய ஆரம்பித்தது. அவர்களை எல்லாம் விட்டுவிட்டு என் ஒருவன் முகத்தையே பார்க்கிறீர்கள்.

மற்றவர்கள் செய்யாத ஒன்றையும் நான் செய்தேன், அதையும் ஒளிக்கவில்லை. லைனில் இருக்கிற நேரத்தை வீணாக்குவானேன்? வருகிறவர்களைப் பற்றிக் கேட்டுவைத்துக்கொள்வேன். எத்தனை பொம்பளைகள், யார் பேச்சு எடுபடுகிறது, பெண்ணின் அம்மா என்ன புடவை கட்டியிருக்கிறாள். அதிலும் கரைதான் முக்கியம். ருத்ராட்சக் கரை கட்டியவளுக்கு ஒரு மனசு, தாழம்பூ ரேக்குக் கட்டியவளுக்கு ஒரு மனசு. அவள் படியேறி வந்து உட்கார்ந்ததும், நான் பிரிக்கிற முதல் புடவையிலேயே அவள் கை தானாக நீள வேண்டும். கை நீண்டுவிட்டால் அவள் அடுத்த கடைக்குப் போகமாட்டாள். இந்த வித்தை என்னோடு போகட்டும் என்று யாருக்கும் சொல்லித்தரவில்லை.

இதற்கு எல்லா டிரைவரும் உதவமாட்டான். "மஞ்சக் கலரு சார், ஓரத்துல ஏதோ பூ போட்டுக்குது" என்பான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? முத்துக்குமார் அப்படி இல்லை. அவன் அப்பா தறிக்காரர். பாவு நூலில் விளையாடி வளர்ந்த பையன், அப்புறம்தான் சுமோ ஓட்டப் போனான். கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தால் போதும், கரை என்ன, முந்தி என்ன, எத்தனை வருஷத்துப் புடவை என்று சொல்லிவிடுவான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை, ஆனால் புடவை விஷயத்தில் என்னையே மடக்குவான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். சும்மா சொல்லவில்லை சார், நிஜமாகவே பிடிக்கும். அவன் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை என் கடையிலிருந்துதான் போனது. இளவரசிக்கு அரக்கு நிறம் நன்றாக இருக்கும் என்று எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

அன்றைக்கு முற்பகல். கோலார்ப் பக்கத்துக் குடும்பம், தெலுங்குக்காரர்கள், பெரிய கல்யாணம். "அண்ணா, தாமல் ஏரி வந்துட்டேன்" என்றான். சுற்றிலும் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பதால் தைரியமாகத் தமிழில் பேசினான்.

"பொண்ணோட அம்மா எங்கப்பா உக்காந்துக்குது?"

"எனக்கு நேர் பின்னாடிண்ணா."

"என்ன கட்டிக்கினு இருக்குது?"

"பழம்புடவைண்ணா. மாம்பழ உடம்பு. நல்ல பட்டு. இப்ப அந்த மாதிரி வரதில்ல."

"கரை?"

"அது தெரியலண்ணா. கண்ணாடில தோள்தான் தெரியுது. மடில பை வச்சிக்கினு இருக்காங்க."

மாம்பழ உடம்பு என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த நிறத்தில் பழம்புடவை என்றால் இரண்டே கரைதான் இருக்க முடியும். ஒன்று என் அலமாரியில் இருந்தது, இன்னொன்றுக்குத் தறிக்கு ஆள் அனுப்ப வேண்டும். "திரும்பிப் பாத்து சொல்லுப்பா" என்றேன்.

இவ்வளவுதான் சார் நான் சொன்னது. நாலு வார்த்தைகூட இல்லை. நான் அவனை வேகமாகப் போகச் சொல்லவில்லை. கண்ணை மூடு என்று சொல்லவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்திருக்கலாம், யார் தடுத்தது? நிறுத்தினால் புரோக்கர் மோப்பம் பிடித்து வந்துவிடுவான் என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன், வாஸ்தவம். ஆனாலும் அவனுக்கு என்று ஒரு புத்தி இருந்ததல்லவா?

"ருத்ராட்..." என்றான். அப்புறம் ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, பாத்திரக்கடையில் ஏதோ சரிந்த மாதிரி. டயர் பஞ்சராகி நின்ற லாரி. பின்னால் தழையெல்லாம் ஒடித்துப் போட்டுத்தான் இருந்தார்கள். நான் புரியாமல், "ருத்ராட்சம் ஒத்தையா, ரெட்டையாப்பா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் பொம்பளைகள் அழுகிற சத்தம் கேட்டது. லைன் கட் ஆகவில்லை. நானும் வெட்டவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இளவரசி முதலில் கூப்பிட்டு பிஸி என்று வந்தது அந்த நேரத்தில்தான் இருக்க வேண்டும்.

அப்புறம்தான் லைனை வெட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனேன். கடையை அப்படியே போட்டுவிட்டுப் போனேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை முதலாளி போவான்? நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கோலார்க்காரர்களை ஏதோ வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அந்த அம்மாவுக்குக் கை எலும்பு முறிவு, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு போய் நான்தான் பார்த்தேன். ஊர் பேர் தெரியாத இடத்தில் எங்களை வந்து விசாரித்தது நீங்கள் ஒருவர்தான் என்று கண்கலங்கினார்கள். முகூர்த்தப் புடவையை என்னிடம்தான் எடுத்தார்கள். ரெட்டை ருத்ராட்சம்.

போன் பெடலுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒரு கீறல் இல்லை. எடுத்துப் பார்த்தேன். கடைசியாகக் கூப்பிட்ட நம்பர் என் பெயரில் இருந்தது. அதை மட்டும் அழித்தேன். வேறு எதையும் தொடவில்லை. அதற்கு மேலே 'வீடு' என்று ஒரு மிஸ்டு கால் இருந்தது, அதை விட்டுவிட்டேன். ஏட்டு தேவசகாயம் வந்ததும் போனை அவர் கையில் கொடுத்தேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "பொண்டாட்டி கூப்ட்டுக்குது. எடுக்கக் குனிஞ்சிருப்பான். இந்தப் பொம்பளைங்களுக்கு நேரங்காலமே தெரியாதுபா" என்றார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு மனிதர் தானாக ஒன்றை நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பா?

அதை அவரே போய் இளவரசியிடம் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் அவள் தலையில் அடித்துக்கொண்டு, "கறி வாங்கினு வான்னு சொல்லத்தான் கூப்ட்டேன், கறி வாங்கினு வான்னு சொல்லத்தான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லியிருந்தால் என்ன ஆகும்? அவன் திரும்பி வருவானா? எந்த டிரைவராவது அதற்கப்புறம் என் கடைக்கு ஆள் கொண்டுவருவானா? முப்பது தறிக்காரக் குடும்பம் என்னை நம்பி இருக்கிறது. அவர்கள் அடுப்பில் யார் உலை வைப்பது? இதையெல்லாம் யோசித்துத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

அவளை நான் கைவிடவில்லை. கருமாதி முடிந்ததும் கடையில் வேலை போட்டுக் கொடுத்தேன். அவள் கூடப்பிறந்தவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாமியார் வீட்டில் அவளைப் புருஷனைத் தின்றவள் என்றார்கள். நான் போய்ச் சத்தம் போட்டு, "தெரியாம பண்ணிட்டா, மன்னிச்சி உடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவளுக்காக நான் கும்பிட்டேன் சார். அப்புறம்தான் இந்தக் கூட்டம் யோசனை வந்தது. மனசில் இருப்பதை நாலு பேர் முன்னால் கொட்டினால் பாரம் குறையும் என்று அவளிடம் சொன்னேன். முதல் வருஷம் மேடையில் மயங்கி விழுந்தாள். இப்போது நன்றாகப் பேசுகிறாள். பேசி முடித்ததும் பொம்பளைகள் அவளைக் கட்டிக்கொள்கிறார்கள். அவளால் இந்த ஊரில் எத்தனை பேர் பிழைத்திருக்கிறார்களோ, யார் கண்டது?

நேற்று ஏன் அந்த பிஸி விஷயத்தைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டம் முடிந்து கடைக்கு வந்ததும் என்னிடமும் கேட்டாள். பிரித்துப்போட்ட புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள், அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, நான் மொதல்ல கூப்ட்டப்ப பிஸின்னு வந்துது. ரெண்டாவது வாட்டி கூப்ட்டப்பதான் ரிங்கு போச்சு. போய்க்கினே இருந்துது, அவரு எடுக்கல. அப்ப ஏற்கெனவே வேற யார்கிட்டயோ பேசிக்கினுதானே இருந்துக்கிறாரு?"

"இருக்கும்மா."

"அந்த ஆளுகிட்ட பேசிக்கினு இருக்கும்போதே இடிச்சிருந்தா?" என்றாள். "அப்ப நான் இல்லையாண்ணா? நான் பண்ணலையா?"

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆறு வருஷத்தில் அப்படி ஒரு வெளிச்சம் அந்த முகத்தில் வந்ததில்லை. பாரம் தூக்கி வருகிறவள் இறக்கிவைக்க ஒரு இடம் கண்ட மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் போதும்.

"இல்லம்மா" என்றேன். "அந்த ஆளு பேசி வச்சிட்டான். போலீஸ்ல அன்னிக்கே விசாரிச்சாங்க. உன் ரிங்கு வந்தப்பதான் இடிச்சிருக்குது. உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் நான் சொல்லல."

"சரிண்ணா" என்றாள். அப்புறம் புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். கரை கரையோடு சேர்ந்து, ஒரு நூல் பிசகாமல் மடித்தாள். பாருங்கள், எவ்வளவு திடமாக இருக்கிறாள். ஆறு வருஷமாக அவள் நின்றுகொண்டிருக்கிற கட்டையை நான் உருவச் சொல்கிறீர்களா? உருவினால் அவளிடம் என்ன மிச்சம் இருக்கும்? மேடை இருக்காது, கட்டிக்கொள்ள வருகிற பொம்பளைகள் இருக்கமாட்டார்கள், இந்த வேலைகூட இருக்காது. குற்றம் போய்விடும், சரி. அதை வைத்துக்கொண்டு அடுப்பெரிக்க முடியுமா?

நீங்கள் போய் அவளிடம் சொல்லப்போகிறீர்கள் என்று தெரிகிறது. சொல்லுங்கள். உள்ளேதான் இருக்கிறாள். அவள் உங்களை நம்பமாட்டாள். போன் கம்பெனியில் அந்தக் காலத்துக் கணக்கெல்லாம் இருக்காது. தேவசகாயம் ரிடையராகி ஊருக்குப் போய்விட்டார். நீங்கள் நேற்று வந்தவர், நான் அவளுக்கு அண்ணன்.

இருங்கள், போகும்போது கோபத்தோடு போகாதீர்கள். ஒன்றைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிட்டேன், அதையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் போனபோது எல்லாம் முடிந்துவிடவில்லை. அவன் ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தான். ஆட்கள் அடுத்த ஊர் முசரவாக்கத்துக்குக் கடப்பாரை எடுத்துவர ஓடியிருந்தார்கள். பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். மூச்சு இருந்தது. நினைவும் இருந்தது, என்னைப் பார்த்ததும் அண்ணா என்று வாய் அசைந்தது. அப்போதுதான் போன் அடித்தது. திரையில் 'வீடு' என்று எரிந்து எரிந்து அணைந்தது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், காதில் வை என்று கண்ணால் கெஞ்சினான். வைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பானோ. நான் அதைக் கையில் பிடித்தபடி, அது அடித்து ஓயும்வரை நின்றேன். ஓயும்போது அவனும் ஓய்ந்திருந்தான்.

ஆனால் சும்மா நிற்கவில்லை சார். "வண்டில இருக்கும்போது போன் பேசக் கூடாதுப்பா" என்று அவனிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். நல்லதைச் சொல்வதற்கு நான் என்றைக்கும் தயங்கியதில்லை.